அப்பாவின் காலுக்கும் ‘அலைன்மெண்ட்’ உண்டு

கடந்த தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு ஜோடி தோல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். கறுப்பு நிறம், உள்ளே மெத்தை, பளபளப்பான முனை. பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “புது லாரி வாசம் அடிக்குது பாப்பா,” என்றார். மூன்று வாரம் கழித்து எங்கள் புளோக்கின் கீழே, சக்கர நாற்காலிக்காகப் போட்டிருக்கும் சரிவுப் பாதையில், அதே சப்பாத்தோடு விழுந்தார்.

அந்த வழியாக வந்த உணவு விநியோக ஊழியர் ஒருவர்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்தார். முழங்கையில் சிராய்ப்பு, பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை செயற்கைக் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தவர், பதினொரு நாள் அதைத் தொடவில்லை. கழிவறைக்குப் போவதற்குக்கூட ஊன்றுகோல்தான்.

அப்பாவுக்கு 54 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சரக்கு லாரி ஓட்டியவர். நீரிழிவு அவருக்கு வெகுநாளாக இருந்தது. வலது பாதத்தில் செருப்பு வார் உரசி ஒரு கொப்புளம் வந்தது. நரம்பு மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. வலிக்காத புண்ணை யார் கவனிக்கிறார்கள்? அது ஆழமாகி, கிருமி பரவி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி நல்லவர். கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை தருவதாகவும், ஜனவரியில் வந்து சேரும்படியும் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டும், அங்குமிங்கும் நடக்க வேண்டும்.

அவர் விழுந்தது நவம்பர் கடைசியில்.

பின்னால் இழுக்குது, முன்னால் தள்ளுது

விழுவதற்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தன. நாங்கள்தான் அவற்றைப் படிக்கத் தெரியாமல் இருந்தோம்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அப்பாவைச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். செயற்கைக் கால் பொருத்திய பிறகு அதுதான் முதல் முறை. வண்டியிலிருந்து இறங்கி வாசல்வரை நன்றாகத்தான் நடந்தார். வாசலில் காலணியைக் கழற்றினார். உள்ளே பத்தடி வைத்திருப்பார், “யாரோ பின்னாலேருந்து சட்டையப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு,” என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மூலவரைப் பார்க்காமலே திரும்பினோம். அதற்குப் பிறகு கோயில் பேச்சை எடுத்தாலே, “நீங்க போயிட்டு வாங்க,” என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறைக்குப் போகும்போது சுவரில் கை வைத்துக்கொண்டே போவார். தீபாவளிக்குப் பிறகு அவருடைய புகார் தலைகீழாக மாறியது. “இப்ப முட்டி முன்னால தள்ளுதும்மா. மடங்கிடும்போல இருக்கு,” என்றார். ஒரு நாள் பின்னால் இழுக்கிறது, இன்னொரு நாள் முன்னால் தள்ளுகிறது. சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, “எல்லாம் மனசுதான் அண்ணே. பயம் போனா சரியாயிடும்,” என்றார். உண்மையைச் சொல்வதானால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விசை, திருப்புத்திறன் எல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அதை அப்பாவின் காலோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான்கு திருகாணி

அம்மா கெஞ்சியும் திட்டியும் ஒருவழியாக அப்பாவைச் செயற்கை உறுப்பு நிபுணரிடம் அழைத்துப் போக ஒப்புக்கொள்ள வைத்தார். முன்பதிவு செய்தபோது, “அவர் அணியும் எல்லாக் காலணிகளையும் கொண்டு வாருங்கள்,” என்றார்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். பழைய விளையாட்டுக் காலணி, நான் வாங்கிய தோல் சப்பாத்து, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

அந்த நிபுணர் ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சீன இளம்பெண். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், ஆனால் மருத்துவ அறைக்குள் நுழைந்துவிட்டால் “ஓகே, ஓகே” என்ற ஒரே சொல்தான் வாயிலிருந்து வரும். அதனால் நான் மொழிபெயர்ப்பாளர்.

அவர் முதலில் அப்பாவின் காலைப் பார்க்கவில்லை, காலணிகளின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். விளையாட்டுக் காலணியின் வலது அடிப்பாகம் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடது சீராக இருந்தது. “அலைன்மெண்ட் கொஞ்சம் மாறியிருக்கிறது,” என்றார் அவர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். “டயர் ஒருபக்கமா தேயுமே, அந்த அலைன்மெண்டா?” என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, “அதேதான்,” என்றார். அதுவரை ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அதற்குப் பிறகு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பணிமனையில் லாரியைப் பழுது பார்க்கும்போது அருகில் நிற்பாரே, அந்த மாதிரி.

முழங்காலுக்குக் கீழே அணியும் செயற்கைக் காலில் பாகங்கள் அதிகமில்லை. எஞ்சியிருக்கும் காலின்மேல் சிலிக்கான் உறை. அதன்மேல் காலின் வடிவத்துக்கு அச்செடுத்துச் செய்த கிண்ணம்போன்ற ‘சாக்கெட்’. அதற்குக் கீழே ஓர் உலோகக் குழாய். கடைசியில் பாதம். சாக்கெட்டும் குழாயும் சேரும் இடத்தில் ஒன்று, குழாயும் பாதமும் சேரும் இடத்தில் ஒன்று என இரண்டு இணைப்பிகள். ஒவ்வோர் இணைப்பியிலும் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சிறிய பிரமிடு வடிவம். நான்கு பக்கமும் நான்கு திருகாணிகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தில் உள்ளதை இறுக்கினால் கால் அந்தப் பக்கம் மிகச் சிறிதளவு சாயும். ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1969ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றும் உலகம் முழுக்கச் செயற்கைக் கால்களில் இதே பிரமிடுதான். நிபுணரின் கையில் இருந்த கருவியோ, மிதிவண்டி திருத்த நாம் வீட்டில் வைத்திருக்கும் அறுகோணச் சாவி.

மேலே உள்ள பிரமிடை ஒரு பக்கமும் கீழே உள்ளதை அதே அளவு எதிர்ப்பக்கமும் திருப்பினால் என்ன ஆகும்? பாதம் சாயாது, பக்கவாட்டில் நகரும். இரண்டு கோணங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து ஓர் இடப்பெயர்ச்சியாக மாறுகின்றன. அதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்பாவுக்கு வலித்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இந்தச் சீரமைப்பு மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் ஆள் இல்லாமல், மேசையில் காலை மட்டும் வைத்து அளந்து பூட்டுகிறார்கள். சாக்கெட்டைச் செங்குத்தாக வைப்பதில்லை. ஏறக்குறைய 5 பாகை முன்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள். முழங்கால் எப்போதும் சற்றே மடங்கிய நிலையில் இருந்தால்தான் எடையைத் தாங்கக்கூடிய தசைநார்ப் பகுதியில் சுமை இறங்கும், முட்டி பின்பக்கமாக வளையாமலும் இருக்கும். இரண்டாவதாக, ஆளை நிற்க வைத்து இடுப்பு இருபுறமும் சம உயரத்தில் இருக்கிறதா, எடை எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாவதாக, நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முதல் இரண்டையும் அளவுகோல் கொண்டு செய்துவிடலாம். மூன்றாவதில்தான் திறமை இருக்கிறது.

“ஓகே” என்றால் என்ன?

இரண்டு கம்பிகளுக்கு நடுவே அப்பா நடந்தார். நிபுணர் முதலில் பக்கவாட்டில் நின்று பார்த்தார், பிறகு எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தார். குதிகால் தரையைத் தொடும் கணம், முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கும் கணம், விரல்நுனி தரையைத் தள்ளும் கணம் என மூன்றையும் தனித்தனியாகக் கவனித்தார். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“ஓகே,” என்றார் அப்பா.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, “இந்த ‘ஓகே’யை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. அவருடைய மொழியில் சொல்லச் சொல்லுங்கள்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போன தடவைகளில் எல்லாம் அப்பா “ஓகே” என்று சொன்னதையே நாங்களும் திருப்பிச் சொல்லியிருந்தோம். வீட்டில் அவர் எவ்வளவு துல்லியமாகச் சொன்னார்! இழுக்குது, தள்ளுது, குத்துது, நழுவுது, மேடு ஏறுற மாதிரி இருக்கு, படி ஒண்ணு கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு. அவை எதுவும் அந்த அறைக்குள் வந்து சேரவில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ‘மேடு ஏறுற மாதிரி’ என்றதும் அவர் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். அது அவர்களுக்கு நன்கு பழக்கமான புகாராம். பாதம் தேவைக்கு மேல் கீழ்நோக்கி வளைந்திருந்தாலோ, மிகவும் முன்னால் தள்ளி இருந்தாலோ, முழங்கால் பின்னால் தள்ளப்படும். அப்போது சமதரையே மேடாகத் தெரியும். ‘முட்டி மடங்கிடும்போல’ என்பது அதற்கு நேர் எதிரானது. பாதத்தின் முன்பகுதி தேவைக்கு மேல் உயர்ந்திருந்தாலோ, பாதம் பின்னால் தள்ளி இருந்தாலோ வரும். ஒரே மனிதருக்கு, ஒரே காலில், எதையும் திருகாமல் இரண்டும் எப்படி வரும்?

அவர் காலணிகளைக் கையில் எடுத்தார். ஓர் அளவுகோலால் அடிப்பாகத்தின் கனத்தை இரண்டு இடங்களில் அளந்தார். விளையாட்டுக் காலணியில் குதிகால் 2.5 சென்டிமீட்டர், விரல்களுக்குப் பின்னால் உள்ள பந்துப் பகுதி 1.5. வித்தியாசம் 1. நான் வாங்கிய சப்பாத்தில் குதிகால் 3, பந்துப் பகுதி 1. வித்தியாசம் 2. வெறுங்காலில் வித்தியாசம் பூஜ்யம்.

அப்பாவின் கால், வித்தியாசம் 1 உள்ள காலணிக்காகச் சீரமைக்கப்பட்டது. கோயிலிலும் வீட்டிலும் வெறுங்காலோடு நடந்தபோது குதிகால் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தது, கால் முழுவதும் பின்னால் சாய்ந்தது. சப்பாத்தில் குதிகால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தது, கால் முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் நாள் தந்த தாளில் இதை எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவள் நான்தான். ‘குதிகால் உயரம் மாறக்கூடாது’ என்பதைப் பார்த்ததும் அது பெண்களின் உயரக் காலணிக்கான அறிவுரை என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வீட்டுக்குள் காலணி போட்டு நடப்பதைப் பற்றியோ நாங்கள் யோசித்தே பார்த்ததில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிற வீடுதானே நம்முடையது.

ஒரு சென்டிமீட்டரின் கணக்கு

அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். உயர்நிலை வகுப்பு மாணவர்களும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான், ஒத்த முக்கோணங்கள் தெரிந்தால் போதும்.

அப்பாவின் செயற்கைப் பாதத்தில் குதிகாலுக்கும் பந்துப் பகுதிக்கும் இடையே ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். தரையிலிருந்து முழங்கால்வரை 45 சென்டிமீட்டர். கணுக்கால் அசையாததால் பாதமும் காலும் ஒரே ‘எல்’ வடிவத் துண்டுபோல் சாய்கின்றன. குதிகால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், முழங்கால் 45 வகுத்தல் 18, அதாவது 2.5 சென்டிமீட்டர் முன்னால் போகும்.

அப்பாவின் எடை சுமார் 70 கிலோ. ஒற்றைக் காலில் நிற்கும்போது தரை அவரை ஏறக்குறைய 700 நியூட்டன் விசையோடு மேலே தள்ளுகிறது. அந்த விசைக்கோட்டிலிருந்து முழங்கால் 0.025 மீட்டர் விலகினால், திருப்புத்திறன் 17.5 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. முட்டி மடங்கிவிடாமல் தடுப்பது தொடையின் முன்பக்கத் தசை. அந்தத் தசைநார் மூட்டின் மையத்திலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கிறது. 17.5ஐ 0.04ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 440 நியூட்டன். கிட்டத்தட்ட 44 கிலோ எடையைத் தூக்கும் விசை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெலிந்துபோன தொடைக்கு, ஒவ்வோர் அடிக்கும் அவ்வளவு கூடுதல் வேலை.

என் விரிவுரையாளர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். பாதத்தின் ரப்பர் கொஞ்சம் அமுங்கும், உடம்பு தானாகச் சாய்ந்து ஈடுசெய்யும், விசைக்கோடும் ஓர் இடத்தில் நிற்காது. உண்மையான எண் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் சித்தப்பா சொன்னதுபோல் அது ‘மனசு’ இல்லை என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

அப்புறம் அந்தச் சரிவுப் பாதை. சக்கர நாற்காலிச் சரிவுகளுக்குச் சிங்கப்பூரில் அனுமதிக்கப்படும் உச்சச் சாய்வு 1க்கு 12. இறங்கும்போது பாதம் சரிவில் படிந்தால் முழங்கால் இன்னும் 45 வகுத்தல் 12, அதாவது 3.75 சென்டிமீட்டர் முன்னால் போகிறது. சப்பாத்து 2.5, சரிவு 3.75. மொத்தம் 6.25 சென்டிமீட்டர். பத்திரமாக இறங்கட்டும் என்று படியைத் தவிர்த்துச் சரிவில் போகச் சொன்னதும் நான்தான்.

நமக்கு ஏன் இதெல்லாம் தெரிவதில்லை? நம் கணுக்கால் நம்மைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்கிறது. வெறுங்கால், காலணி, சரிவு, புல்தரை, தேக்கா பக்கம் பழைய கடைவீடுகளின் ஏறி இறங்கும் ஐந்தடி நடைபாதை என எதற்கும் ஏற்றபடி ஓரிரு பாகை வளைந்துகொள்ளும். அப்பாவின் பாதம் அப்படி வளையாது. குமிழை அழுத்திக் குதிகால் உயரத்தை மாற்றிக்கொள்ளும் பாதங்கள் சந்தையில் உண்டு. விலையைக் கேட்டதும் அப்பா, “லாரிக்கே அவ்வளவு செலவு பண்ணதில்ல,” என்றார்.

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களுக்கு இந்தச் சில மில்லிமீட்டர்கள் இன்னும் பொல்லாதவை. அவர்களுக்கு முட்டியே இயந்திரம்தான். அதை நிமிர்த்திப் பிடிக்கத் தசை கிடையாது. எளிய வகை மூட்டில், எடையின் கோடு மூட்டுக்கு முன்னால் சென்றால் அது நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும், பின்னால் சென்றால் மடங்கிவிடும்.

காலையில் ஓர் உயரம், மாலையில் ஓர் உயரம்

தேய்ந்த அடிப்பாகத்துக்கு வருகிறேன். அப்பாவின் பாதம் உடம்பின் மையத்தை நோக்கிக் கொஞ்சம் அதிகமாக உள்வாங்கி இருந்தது. பாதத்தைச் சற்று உள்ளே வைப்பது வழக்கம்தான். ஆனால் அளவு கூடினால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். சாக்கெட் சுற்ற முயலும். உட்பக்கம் மேலேயும் வெளிப்பக்கம் கீழேயும் தோலை அழுத்தும். காலைக் கழற்றிப் பார்த்தபோது, சரியாக வெளிப்பக்கத்தின் கீழ்முனையில் சிவந்த தழும்பு. புண்ணால் காலை இழந்த ஒருவருக்கு இன்னொரு புண் என்றால் என்ன பொருள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா சற்று நேரம் அறைக்கு வெளியே போய் நின்றார்.

முதலில் சரியாக இருந்தது பிறகு ஏன் மாறியது? திருகாணி நகரவில்லை, அப்பாவின் கால்தான் மாறியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்கள் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே வரும். ஒரே நாளுக்குள்கூடக் காலையில் ஒரு பருமன், மாலையில் ஒரு பருமன். சுருங்கினால் கால் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கிவிடும், செயற்கைக் கால் குட்டையானதுபோல் ஆகும். ‘படி ஒண்ணு கம்மியா இருக்கிற மாதிரி’ என்று அப்பா சொன்னது இதைத்தான். அதற்குத்தான் பல கனங்களில் காலுறைகள் தருகிறார்கள். மதியத்துக்கு மேல் தளர்வாகத் தெரிந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அப்பா காலையில் போட்டதோடு சரி. இரவுவரை அதேதான்.

நிபுணர் பாதத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினார். மறுபடி நடக்கச் சொன்னார். பிறகு ஒரு கால் சுற்று. மறுபடி நடை. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒரு கட்டத்தில் அப்பா அவர் கேட்பதற்கு முன்பே தமிழில், “இப்ப ரொம்பப் போச்சு, அரைவாசி திருப்பி எடுங்க,” என்றார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அந்தப் பெண் சாவியைத் திருப்பியிருந்தார். அப்பாவின் கைச்சாடை அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டில் போட, வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். ரப்பர் செருப்பு ஆகாது, அதைப் பற்றிக்கொள்ளச் செயற்கை விரல்களுக்குத் தெரியாது. புதுச் செருப்பு வாசற்படி தாண்டி வெளியே போவதில்லை. கோயிலுக்கு வேறு ஏற்பாடு. குதிகாலுக்குக் கீழே வைக்க ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஆப்புபோல் வெட்டிய இரண்டு கெட்டி நுரைத் துண்டுகள், அவற்றின்மேல் அடியில் ரப்பர் புள்ளிகள் உள்ள காலுறை. இரண்டு காலுக்கும்தான். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் உயரம் மாறிவிடும். தவிர, நீரிழிவு உள்ள இடது பாதமும் வெறுமையாகத் தரையில் படக்கூடாது.

வெறுங்கால் மனிதர்களுக்கு ஒரு கால்

இதையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் ஜெய்ப்பூர் பாதத்தின் கதை கிடைத்தது. ராஜஸ்தானில் அறுவை சிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி, மேலைநாட்டு முறையில் செய்த செயற்கைக் கால்களைத் தம் நோயாளிகள் ஓரமாகப் போட்டுவிடுவதைக் கவனித்தார். அந்தப் பாதத்துக்குக் காலணி வேண்டும். அவர்களோ வயலில் வெறுங்காலோடு நடப்பவர்கள், குந்தி உட்காருபவர்கள், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுபவர்கள். சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து 1968ல் ரப்பரைக் கொண்டு ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அது பல திசைகளிலும் வளையும். காலணி இல்லாமலே நடக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். சேத்திக்கு 1981ல் ரமோன் மகசாசே விருது கிடைத்தது.

அதே 1981ல்தான், தமிழ்நாட்டில் நடந்த ஒரு பேருந்து விபத்துக்குப் பிறகு பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் பாதத்தோடு 1984ல் மீண்டும் மேடையேறினார். அரைமண்டியில் உட்கார்ந்து வெறும் பாதத்தைத் தரையில் தட்டும் ஒரு கலைக்கு, குதிகால் உயரம் கேட்கும் பாதம் எப்படி உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சுதா சந்திரனை ஏற்கெனவே தெரியும். தொலைக்காட்சித் தொடரில் வில்லியாக வந்தவராம். “அந்தம்மாவுக்கா கால் இல்ல?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜனவரியில் அவர் கிடங்கு வேலையில் சேர்ந்தார். முதல் வாரம் மதிய உணவு நேரத்தில் அம்மா தினமும் தொலைபேசியில் அழைத்துக் காலுறையை நினைவுபடுத்தினார். இப்போது அந்த அழைப்பு தேவைப்படுவதில்லை. சரிவில் மட்டும் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். நான் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

தோல் சப்பாத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு, நடைபாதையோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் என்னையும் அழைத்துப் போனார். இரண்டு குதிகாலிலும் சரியாக ஒரு சென்டிமீட்டர் வெட்டி எடுக்கச் சொன்னார். என்னை அளவுகோல் பிடிக்கச் சொன்னார். அந்த முதியவர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுக் குதிகாலை எதற்கு வெட்டுகிறாய் என்று மலாயில் கேட்டார்.

அப்பா கால்சட்டையைச் சற்றே உயர்த்தி, உள்ளே இருந்த உலோகக் குழாயை விரலால் தட்டிக் காட்டினார்.

“அலைன்மெண்ட்,” என்றார்.